பதினொன்று நிலுவையில்

கரடிப்போக்குச் சந்தி.
போன் திருத்தும் கடைக்கு மேல்மாடி.
சனிக்கிழமை இரவு எட்டரை.
‘உங்களுக்குத் தெரியுமா’ பகுதிக்கு வந்த துணுக்குகளில்
பதினொன்று நிலுவையில்.

நாங்கள் மூன்று பேர், சம்பளமில்லை.
வாகீசினி பகலில் காணிக் கந்தோரில்,
யூட் நிரேசன் பால் ஏற்றும் லொறியில்,
நான் உரக்கடையில் கணக்கு.
கச்சான் ஒரு சரை. பிளேன்ரீ மூன்று.
ஒருவரின் டேட்டாவில் மூன்று போன்.

மல்லாவிச் சொல்லிசைக்காரன் ஒருவன்
மேடையேற முன் ஒடியற்கூழ் குடிப்பானாம்.
“ஆர் பாத்தது?” என்கிறாள் வாகீசினி.
“அவன்ர மச்சான்தான் எழுதியிருக்கிறான்.”
மச்சான் சான்றாக மாட்டான்.
நீக்கினோம்.

அடுத்தது, இலட்சம் பேர் கேட்ட பாட்டு.
போய் எண்ணினால் ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
அதில் நானூறு தன்னுடையதென்று
யூட் தானாகவே ஒப்புக்கொண்டான்,
விடியப்புறம் பால் லொறியில்
வேறென்ன கேட்கிறதாம்.
தொகையைத் திருத்தினோம்.
‘புகழ்பெற்ற’ என்ற சொல்லை எடுத்தோம்.
அந்தச் சொல்லை எடுப்பதிலேயே
எங்களுக்குப் பாதி ஆயுள் போகிறது.

மாங்குளத்துக் கீபோர்ட்காரனுக்கு
இரண்டு பிறந்த ஆண்டு.
பள்ளிக்கூடத்தில் ஒன்று,
பிறகு எடுத்த பதிவில் ஒன்று.
“எனக்கும் அப்பிடித்தான்” என்றாள் வாகீசினி,
திரையைப் பார்த்தபடியே.
இரண்டையும் போட்டு நடுவில் ‘அல்லது’ என்று எழுதினோம்.

ஐந்தாவதில் மழை பிடித்தது.
கரண்ட் போய்விட்டது.
போன் வெளிச்சத்தில் யூட் வாசித்தான்:
“விசுவமடு ட்ரம்ஸ் கலைஞர் தர்சாயினி
முதன்முதலில் தாளம் தட்டியது
செட்டிகுளம் முகாமில்,
நீலத் தண்ணிக் கான் ஒன்றில்.”

மஞ்சள்.

நான் அதைச் சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்,
இருவரும் திரும்பினார்கள்.
மஞ்சள் கான். தேங்காய் எண்ணெய் வந்தது.
மூடியில்லை, வாயில் சொப்பிங் பையைக் கட்டியிருந்தது.
பவுசர் வரும்வரை தட்டுவாள்,
வந்தபிறகும் தட்டுவாள்.
எனக்குப் பத்து வயது,
அவளுக்குப் பின்னால் வரிசையில் நான்.

வாகீசினி கோதை ஊதிவிட்டுக் கேட்டாள்:
“நீ எங்கயாவது அச்சில வந்திருக்கிறியோ?”
இல்லை.
“அப்ப நீ சான்றில்லை.”
சரிதான். அந்த விதியைப்
புதியவர்களுக்கு விளங்கப்படுத்துவதே நான்தான்:
கண்டது, கேட்டது, பட்டது எதுவும் எழுதப்படாது;
வேறு யாரோ எழுதியதையே எழுதலாம்.

யூட் தேடி எடுத்துவிட்டான்,
ஒரு கோயில் திருவிழா மலர்,
பக்கம் முப்பத்தொன்று, அவளின் நேர்காணல்.
அச்சிலே ‘நீலநிற’ என்றிருக்கிறது.
அவளே அப்படிச் சொன்னாளோ,
எழுதினவர் கேட்ட விதமோ,
இல்லை நான்தான் இத்தனை வருடமாய்
மஞ்சளாக்கி வைத்திருக்கிறேனோ.

ஓலைக் கிடுகில் மழை விழுந்தால் ஒரு சத்தம்,
இந்தத் தகரத்தில் வேறு.
கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு துணுக்கை ஏற்றுக்கொண்டேன்.
நிறத்தை மட்டும் எடுத்துவிட்டேன்.
மாற்றத்துக்குக் காரணம் கேட்கும் கட்டத்தில்
‘மேலதிக விபரம்’ என்று தட்டினேன்.
வாகீசினி கண்டாள், ஒன்றும் சொல்லவில்லை.

அவளின் தாளத்தில் ஓரிடம் இடறும்.
அதைப் புதுமை என்று எழுதுகிறார்கள்,
அதற்கு மூன்று சான்றிருக்கிறது.
அந்த இடத்தில்தான் வரிசை ஒரு அடி நகரும்,
கானைத் தூக்கி வைக்க வேணும்.

“அடியாத பிள்ளை, தலையிடிக்குது”
என்று அவளை அதட்டியது
எங்கட அம்மா.

“ஆறாவதை வாசி” என்றேன்.
யூட்டின் போனில் நாலு வீதம் சார்ஜ்.